ஒரே இலக்கத்தில் இரண்டு துண்டுகள்: கிளிநொச்சியில் ஒரு சேர்வர் கிளஸ்டர்

நெல் கொள்வனவு மும்முரமாக நடந்துகொண்டிருந்த ஒரு சிறுபோக நாள். பின்னேரம் மூன்று மணியிருக்கும். இரணைமடுப் பக்கத்து ஐயா ஒருவர் வந்து நெல் கொடுத்ததற்கான இரண்டு துண்டுகளை என் மேசையில் வைத்தார். ஒன்று அவருடையது, மற்றது மருமகனுடையது.

"தம்பி, ரெண்டிலயும் ஒரே நம்பர் கிடக்கு. காசு ஆருக்கு வரும்?"

எடுத்துப் பார்த்தேன். இலக்கம் ஒன்றேதான், திகதியும் ஒன்றுதான். நேரத்தில் மட்டும் சில நிமிட வித்தியாசம். ஒன்று தலைமை அலுவலகக் கவுன்ரரில் அடித்தது, மற்றது பின்வளவில் இருக்கும் நெல் களஞ்சியத்தில் அடித்தது. இரண்டையும் அடித்தது ஒரே மென்பொருள், ஒரே மெய்நிகர் இயந்திரம், அதாவது சேர்வருக்குள் மென்பொருளாக ஓடும் ஒரு கணினி. அப்படித்தான் அந்த நிமிடம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அந்த இயந்திரம் அன்று மத்தியானம் முதல் இரண்டு இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

நான் கணினிப் பொறுப்பில் இருப்பது ஒரு கூட்டுறவுச் சங்கத்தில். பெயர் வேண்டாம். நெல் வாங்குகிறோம், கிராமிய வங்கி நடத்துகிறோம், ஏ9 வீதியோரம் ஒரு எரிபொருள் நிலையமும் உண்டு. எல்லாம் ஒரே வளவுக்குள் மூன்று கட்டடங்களில். மெய்நிகர் இயந்திரங்களுக்கு உயர் கிடைப்புநிலை, அதாவது ஒரு சேர்வர் விழுந்தால் மற்றது அவற்றைத் தானாக எடுத்து இயக்கும் ஏற்பாடு, அமைக்கப் போய் நாங்கள் எங்கே விழுந்தோம், எப்படி எழும்பினோம் என்பதை எழுதி வைக்கிறேன். வவுனியாவிலோ முல்லைத்தீவிலோ மன்னாரிலோ இதே வேலையில் இறங்கும் ஒருவருக்கு உதவட்டும்.

தொடக்கத்தில் ஒரே ஒரு சேர்வர்தான் இருந்தது. அதன் பவர் சப்ளை எரிந்தபோது மாற்றுப் பாகம் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் பொதியாக வந்து சேர இரண்டு நாள் போனது. அந்த இரண்டு நாளும் உழவு இயந்திரப் பெட்டிகள் வாசலில் வரிசையாக நின்றன. இன்னொரு சேர்வர் வாங்கினால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நிர்வாகம் நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். பழையதைப் புதுப்பித்து விற்கும் ராக் சேர்வர்கள் இரண்டு எடுத்தோம், ஒவ்வொன்றிலும் 64 ஜிபி நினைவகம். தலைமை அலுவலகத்தில் ஒன்று, களஞ்சியத்தில் ஒன்று, நடுவில் ஃபைபர். இரண்டும் சேர்ந்து ஒரு கிளஸ்டர். இனி முதலாவதை அ என்றும் இரண்டாவதை ஆ என்றும் சொல்கிறேன்.

மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் மென்பொருளாகப் புரொக்ஸ்மொக்ஸ் எடுத்தோம். திறந்த மூலம், அனுமதிக் கட்டணம் இல்லை. இதே வகை மென்பொருள் விற்கும் விஎம்வெயார் நிறுவனத்தை புரோட்கொம் வாங்கி, 2023 டிசம்பரில் நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்திய பிறகு எங்களைப் போன்ற சிறிய இடங்களுக்கு அந்தப் பக்கம் கட்டுப்படியாகாது. மூன்று சேர்வர் இருந்திருந்தால் செஃப் போட்டு வட்டுகளை எல்லாவற்றுக்கும் பொதுவாக்கியிருக்கலாம். அதற்கு வேகமான நெற்வேர்க்கும் வேண்டும். நெற்வேர்க்கில் வட்டுகளை வைக்கும் நாஸ் பெட்டி ஒன்று தனியாக வைத்தால் அந்தப் பெட்டி போகும் அன்று எல்லாமே போய்விடும். ஆகவே இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் வட்டும் அதன் நகலெடுப்பும் என்று முடிவு செய்தோம். அ-வில் ஓடும் இயந்திரத்தின் வட்டு 15 நிமிடத்துக்கு ஒரு தடவை ஆ-வுக்கு நகலாகும். இதில் ஒரு விலை உண்டு, அதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: அ திடீரென்று செத்தால், கடைசி நகலுக்குப் பின்னால் எழுதியவை எல்லாம் போய்விடும்.

அந்தச் சிறுபோக நாளில் நடந்தது இதுதான். களஞ்சியப் பக்கம் ஃபைபரைச் சாதாரண நெற்வேர்க் வயருக்கு மாற்றிக்கொடுக்கும் சின்னப் பெட்டிக்குப் போகும் கரண்ட் நின்றுவிட்டது. யாரோ பிளக்கைக் கழற்றி நெல் தூற்றும் விசிறியைப் போட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான். ஆ-வுக்கு அ தெரியவில்லை, அ-வுக்கு ஆ தெரியவில்லை. களஞ்சியத்தில் நின்ற எங்கள் பொடியன் என்னைத் தொலைபேசியில் பிடிக்கப் பார்த்தான். நான் வங்கிக் கூட்டத்தில் இருந்தேன். வெளியில் விவசாயிகள் வெயிலில் நின்றார்கள். இணையத்தில் எங்கோ படித்ததை நினைவில் வைத்து ஆ-வில் அவன் 'பீவீசிஎம் எக்ஸ்பெக்டட் 1' என்று அடித்தான். கிளஸ்டரில் ஒவ்வொரு சேர்வருக்கும் ஒரு வாக்கு; ஒரு வாக்கே போதும் என்று கிளஸ்டருக்குச் சொல்லும் கட்டளை அது. பிறகு கணக்கு இயந்திரத்தின் அமைப்புக் கோப்பை அ-வின் அடைவிலிருந்து ஆ-வின் அடைவுக்கு நகர்த்தி இயக்கினான். இயங்கியது. துண்டு அடிக்கத் தொடங்கியது.

அவனைப் பிழை சொல்ல மாட்டேன். அவன் கையில் அந்தக் கட்டளையைக் கொடுத்துவிட்டு, எப்போது அடிக்கக் கூடாது என்று சொல்லாமல் போனவன் நான்.

அ சாகவே இல்லை. தலைமை அலுவலகத்தில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஆ-வில் எழும்பியது கடைசி நகலில் இருந்த கணக்கு, அதாவது சில நிமிடம் பழையது. ஆகவே அ ஏற்கெனவே கொடுத்துவிட்ட துண்டு இலக்கங்களையே ஆ மறுபடியும் கொடுத்தது. ஐயா கொண்டுவந்த இரண்டு துண்டுகளின் கதை அதுதான். நெற்வேர்க் திரும்பி வந்ததும் ஒரே ஐபி முகவரியோடு இரண்டு இயந்திரங்கள் மோதத் தொடங்கின. அன்றிரவு அ-வில் ஓடியதை நிறுத்தாமல் நெற்வேர்க்கை மட்டும் கழற்றி, அதன் தரவுத்தளத்தை முழுதாக வெளியே எடுத்துக்கொண்டு, களஞ்சியத்துத் துண்டுகளின் கார்பன் பிரதிகளை வைத்து ஒவ்வொன்றாகப் பதிந்தோம். ஐயாவுக்கும் மருமகனுக்கும் காசு சரியாகப் போனது. கார்பன் தாள் இல்லாதிருந்தால் யாருடைய நெல் எவ்வளவு என்று எங்களால் சொல்லியிருக்க முடியாது.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதை விளக்க வேண்டியிருந்தது. தலைவர் கணினி தெரிந்தவர் இல்லை, ஆனால் முப்பது வருடம் கூட்டம் நடத்தியவர். "எங்கட பொதுக்கூட்டத்துக்குக் கோரம் ஏன் வைச்சிருக்கிறம்? பாதிப்பேர் ஒரு மண்டபத்திலும் பாதிப்பேர் இன்னொரு மண்டபத்திலும் இருந்து வேற வேற தீர்மானம் போடக் கூடாது எண்டுதானே" என்றார். அதற்குமேல் நான் விளக்க ஒன்றும் இருக்கவில்லை. கிளஸ்டரிலும், முடிவெடுக்கத் தேவையான குறைந்தபட்ச வாக்குக்குக் கோரம் என்றுதான் பெயர். இரண்டு பேர் மட்டுமே உள்ள சங்கத்தில் ஒருவர் வராவிட்டால் கோரம் இல்லை. மற்றவர் தனியே முடிவெடுத்தால், வராதவரும் வேறொரு மண்டபத்தில் தனியே முடிவெடுத்துக்கொண்டிருக்கலாம். மூன்றாவது ஆள் வேண்டும்.

அந்த மூன்றாவது ஆளுக்குப் பெரிய சேர்வர் தேவையில்லை. கோரோசிங்க் என்பது கிளஸ்டரில் யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளும் பகுதி. அதற்குக் கியூடிவைஸ் என்று ஒரு வழி உண்டு. வெளியே ஒரு சிறிய இயந்திரத்தில் கியூநெட்டீ என்ற சேவையை ஓடவிட்டால் அது வாக்கு மட்டும் போடும், வேறொன்றும் செய்யாது. நாங்கள் எடுத்தது விசைப்பலகையில் இரண்டு எழுத்து விழுந்துபோன ஒரு பழைய மடிக்கணினி. டெபியன் என்ற இயங்குதளம் போட்டோம். அதற்கென்று பற்றரி இருப்பது எங்கள் ஊருக்குப் பெரிய வசதி. அ-வும் ஆ-வும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாமல் போய், இரண்டும் மடிக்கணினியைப் பார்க்க முடிந்தாலும், அது ஒரு பக்கத்துக்குத்தான் வாக்குப் போடும். இரண்டு பக்கத்துக்கும் ஒருபோதும் போடாது. எனக்கு வேண்டியதும் அதுவே.

எங்கே வைப்பது என்பதில்தான் நிறைய யோசித்தோம். கிளஸ்டருக்குள்ளேயே ஒரு மெய்நிகர் இயந்திரமாக வைக்கலாமே என்று ஒருவர் கேட்டார். கூடாது. விழுபவரின் மடியில் நடுவரை இருத்தினால் அவரும் சேர்ந்து விழுவார். தலைமை அலுவலகத்தில் வைத்தால் அலுவலகத்துக்குக் கரண்ட் போகும்போது அ-வும் நடுவரும் ஒன்றாகப் போவார்கள், ஆ தனித்துப்போகும். ஆகவே மூன்றாவது கட்டடம், எரிபொருள் நிலையத்து அறை. அங்கே வேறு மின்மானி, சொந்த ஜெனரேற்றர். அலுவலகத்திலிருந்து களஞ்சியத்துக்கும் எரிபொருள் நிலையத்துக்கும் ஃபைபர், களஞ்சியத்துக்கும் எரிபொருள் நிலையத்துக்கும் இடையே கூரைக்கு மேலால் வயர்லெஸ் இணைப்பு. முக்கோணம். செப்பு வயர் 100 மீற்றருக்கு மேல் போகாது, இடிமின்னல் காலத்தில் நிலத்தடிச் செப்பு வயர் வேறு ஆபத்து. முக்கோணம் என்பது வளையம், ஆகவே வளையத்தின் ஒரு பாதையை அடைத்து வைத்து, தேவைப்படும்போது திறக்கும் ஆர்எஸ்டீபீ சுவிட்சுகளில் கட்டாயம். இல்லாவிட்டால் ஒரே செய்தி சுற்றிச் சுற்றி ஓடி நெற்வேர்க் முழுவதும் திணறிவிடும். கோரோசிங்குக்குத் தாமதம் 5 மில்லிசெக்கனுக்குள் இருக்க வேண்டும். ஒரே வளவுக்குள் அது பிரச்சினை இல்லை. ஆனால் நகலெடுப்பு ஓடும்போது அதே வயரை நிரப்பிவிடக் கூடாது என்பதற்காக நகலுக்கு வேக எல்லை வைத்தோம்.

மூன்று வாக்கு வந்த பிறகுதான் உயர் கிடைப்புநிலையைத் திறந்தோம். ஏழு இயந்திரங்களில் மூன்றுக்கு மட்டும்: கணக்கு, எரிபொருள் பதிவு, பெயர்களையும் ஐபி முகவரிகளையும் கொடுக்கும் சேவை. கமராப் பதிவுக்கு இது வேண்டாம். எல்லாவற்றையும் சேர்த்தால், ஒரு சேர்வர் விழும் நாளில் மற்றது எல்லாப் பாரத்தையும் ஒரேயடியாகத் தூக்க வேண்டிவரும். கணக்கு இயந்திரத்தின் நகலெடுப்பை ஒரு நிமிடத்துக்குக் குறைத்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் இல்லாத அலுவலகத்தில் முதல் பரிசோதனை. அ-வுக்கு முன்னால் திரை வைத்து, கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, அதன் நெற்வேர்க் வயரைப் பிடுங்கினேன். திரையில் முதலில் கோரம் இழந்த செய்தி வந்தது. இருபது செக்கன், முப்பது செக்கன், ஒன்றும் இல்லை. இயந்திரங்கள் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருந்தன. 60 செக்கன் ஆனபோது திரை கறுத்தது. விசிறிகள் ஒரே நேரத்தில் உச்சத்துக்கு எழும்பிச் சத்தம் போட்டன. தயாரிப்பாளரின் சின்னம் திரையில் வந்தது. சேர்வர் தன்னைத் தானே நிறுத்தி மறுபடி தொடங்கியிருந்தது.

இந்த ஒரு நிமிடம்தான் சிறுபோக நாளில் எங்களிடம் இல்லாமல் போனது. புரொக்ஸ்மொக்ஸில் உயர் கிடைப்புநிலை இயந்திரம் ஒன்று ஓடும் சேர்வர், இயங்குதளத்தின் கருவான கேர்னலுக்குள் இருக்கும் வாச்டோக் என்ற காவல் கடிகாரத்தைத் தொடர்ந்து புதுப்பித்துக்கொண்டே இருக்கும். கோரம் போனால் புதுப்பிப்பதை நிறுத்திவிடும். ஒரு நிமிடத்தில் கடிகாரம் முடிந்து, சேர்வரையே வலுவில் மறுதொடக்கம் செய்யும். மற்றப் பக்கம் அதற்குள் அவசரப்படாது. அந்த இயந்திரங்கள் அ-வின் பொறுப்பு என்று குறிக்கும் பழைய பூட்டு காலாவதியாகும்வரை காத்திருந்து, அ நிச்சயமாக ஓடவில்லை என்ற பிறகே இயந்திரத்தை எடுக்கும். இரண்டும் சேர்த்து ஏறக்குறைய இரண்டு நிமிடம், அதற்குமேல் இயந்திரம் எழும்பும் நேரம். பயனர்களிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள்: இது இடைவெளியில்லாத சேவை இல்லை, திடீரென நின்று மறுபடி தொடங்கும் சேவை. நினைவகத்தில் இருந்தது போய்விடும். தரவுத்தளம், கரண்ட் போய் வந்த கணினியைப்போலத் தன்னைச் சரிசெய்துகொண்டுதான் எழும்பும்.

அன்று ஆ-வில் கணக்கு இயந்திரம் எழும்பவில்லை. இரண்டு தடவை முயன்று பிழை நிலைக்குப் போய் நின்றது. பதறிப்போய்ப் பதிவுகளைப் பார்த்தேன். மாதக்கணக்கில் யாரும் தொடாத ஒரு நிறுவல் வட்டின் ஐஎஸ்ஓ கோப்பு அந்த இயந்திரத்தின் சீடி இடத்தில் செருகியபடியே இருந்தது. அந்தக் கோப்பு அ-வின் வட்டில் மட்டும்தான் உண்டு. கழற்றினேன். பிழை நிலையில் நிற்பதை நேரே இயக்க முடியாது. முதலில் முடக்கி, பிறகு இயக்க வேண்டும். எழும்பியது. இதே வகையில் பார்க்க வேண்டிய இன்னும் இரண்டு: மெய்நிகர் இயந்திரங்களை நெற்வேர்க்கோடு இணைக்கும் பாலத்தின் பெயர் இரு சேர்வரிலும் ஒன்றாக இருக்க வேண்டும், யூஎஸ்பி உரிமக் குச்சி எதுவும் ஒரு சேர்வரில் செருகி இருக்கக் கூடாது.

மடிக்கணினிக்கும் ஒரு கதை உண்டு. இரவுக் காவலர் மேசையைத் துப்புரவாக்கும்போது அதன் மூடியைச் சாத்திவிட்டார். மூடினால் அது தூங்கிவிடும். ஒன்றும் விழவில்லை, மூன்றில் இரண்டு வாக்கு இருந்தது. ஆனால் அந்த இரவு ஒரு சேர்வர் போயிருந்தால் மற்றதும் தன்னை நிறுத்தியிருக்கும். மூடினாலும் தூங்காதபடி அமைப்பை மாற்றினேன், வாக்குக் குறைந்தால் என் தொலைபேசிக்குச் செய்தி வரும்படியும் செய்தேன்.

இதெல்லாம் முடிந்து, இனிச் சரி என்று நான் நிம்மதியாக இருந்தபோதுதான் 2025 பெப்ரவரி 9 வந்தது. ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கால் ஏற்பட்ட கோளாறில் நாடு முழுவதும் இருண்டது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்தவர்கள் நாங்கள், இருட்டு புதிதில்லை. கிளஸ்டருக்குத்தான் அது முதல் தடவை.

களஞ்சியத்து யூபிஎஸ் சிறியது. அங்குள்ள வெக்கையில் அதன் பற்றரியும் தளர்ந்திருந்தது. ஈயப் பற்றரி 25 பாகை செல்சியசுக்கு மேல் ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் ஏறக்குறைய பாதி ஆயுளை இழக்கும். ஆ முதலில் ஒழுங்காக அணைந்தது. அ இன்னும் 40 நிமிடம் ஓடியது. எரிபொருள் நிலையம் ஜெனரேற்றரில் இயங்கியதால் அந்த 40 நிமிடமும் விற்பனை பதிவாகிக்கொண்டிருந்தது. ஆனால் ஆ இல்லாததால் நகல் போகவில்லை. பிறகு அ-வும் அணைந்தது.

கரண்ட் வந்தபோது ஆ முதலில் எழும்பியது. அ பழைய ராக் சேர்வர், நினைவகத்தையும் வட்டுகளையும் சோதித்து முடிக்கவே பல நிமிடம் எடுக்கும். ஆ-வும் மடிக்கணினியும் சேர்ந்து இரண்டு வாக்கு, கோரம் சரி. அ-வைக் காணவில்லை, ஆகவே அது செத்துவிட்டது என்று விதிப்படி தீர்மானித்து, எரிபொருள் பதிவு இயந்திரத்தைத் தன்னிடமிருந்த 40 நிமிடப் பழைய நகலிலிருந்து எழுப்பியது. அ வந்து சேர்ந்ததும் நகலெடுப்பு திசை மாறியது. ஆ-வின் பழையது அ-வின் புதியதன்மேல் எழுதப்பட்டது. ஒவ்வொரு பகுதியும் தன் வேலையைச் சரியாகவே செய்தது. 40 நிமிட விற்பனை போய்விட்டது. பம்பு மீற்றர் வாசிப்புகளிலிருந்தும் காசுப் பெட்டியிலிருந்தும் எடுத்து எழுதினோம். இரவுப் பிரதிக்காப்பு இதற்கு உதவவில்லை, அது முந்திய நாளுடையது.

உயர் கிடைப்புநிலை பற்றிய விளக்கங்கள் பெரும்பாலும் ஒரு சேர்வர் விழுவதைப் பற்றியே பேசுகின்றன. வன்னியில் சேர்வர் தனியாக விழுவது குறைவு. அறையே விழும், வளவே விழும், பிறகு ஒவ்வொன்றும் தன் தன் வேகத்தில் எழும்பும். விழும் ஒழுங்கையும் எழும்பும் ஒழுங்கையும் நாங்கள் எழுதி வைக்காவிட்டால் இயந்திரம் தானாக ஒன்றை வைத்துக்கொள்ளும்.

இப்போது எப்படி: இரண்டு யூபிஎஸ்ஸையும் நட் என்ற மென்பொருள் ஒன்றாகப் பார்க்கிறது. எதன் பற்றரி முதலில் குறைகிறதோ அப்போதே, இரண்டு சேர்வரும் உயிரோடு இருக்கும்போதே, ஒரு சிறிய நிரல் மூன்று இயந்திரங்களையும் முடக்க நிலைக்கு மாற்றுகிறது. அவை அணைந்ததும் கடைசியாக ஒரு நகல் எடுத்து, பிறகு இரண்டு சேர்வரையும் நிறுத்துகிறது. இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். புரொக்ஸ்மொக்ஸில் 'நிறுத்தம்' வேறு, 'முடக்கம்' வேறு. நிறுத்தம் என்று வைத்தால் சேர்வர் காணாமல் போகும்போது இயந்திரத்தை மற்றதுக்கு மாற்றத்தான் செய்யும், இயக்காது என்பது மட்டும்தான். முடக்கம் என்றால் இருந்த இடத்திலேயே விட்டுவிடும். எங்களுக்கு வேண்டியது முடக்கம். கரண்ட் வந்த பிறகு இரண்டு சேர்வரும் ஒருவரை ஒருவர் பார்த்து, நகல் ஒரு தடவை பிழையில்லாமல் ஓடினால்தான் நிரல் மறுபடி இயக்கும். ஒன்று வராமலே போனால் நிரல் ஒன்றும் செய்யாது, எனக்குச் செய்தி அனுப்பும். பழைய நகலிலிருந்து தொடங்குவதா என்பதை ஆள்தான் தீர்மானிக்க வேண்டும். பெப்ரவரி 9-க்குப் பிறகு இரண்டு நாள் ஒன்றரை மணி நேர வெட்டு இருந்தது. அந்த நேரத்தில் இது எங்களிடம் தயாராக இல்லை, கையால் நிறுத்திக் கையால் தொடங்கினேன். பிறகு வந்த வெட்டுகளில் நிரல் தன் வேலையைச் செய்கிறது.

'பீவீசிஎம் எக்ஸ்பெக்டட்' கட்டளையை நான் தடை செய்யவில்லை. சில நாள் அது தேவைப்படும். இரண்டு சேர்வரின் பக்கத்திலும் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது, எங்கள் பொடியனே எழுதியது: "அடிக்க முதல் மற்றச் சேர்வருக்கு முன்னால ஒரு ஆளை அனுப்பு. பவர் வயர் கழன்றிருக்கு எண்டு அவர் போனில சொன்ன பிறகு அடி." ஃபைபர் பெட்டியின் பிளக்குக்கு இப்போது ஒரு மூடி போட்டிருக்கிறோம். தூற்றும் விசிறிக்குத் தனிப் பிளக்கும் வைத்துக் கொடுத்தோம்.

ஒவ்வொரு போயா விடுமுறைக்கும் ஒரு வயரைப் பிடுங்கிப் பார்க்கிறோம். போன முறை அ-வின் பவர், அதற்கு முந்தியது கூரை வயர்லெஸ். வருகிற போயாவுக்கு மடிக்கணினியின் முறை. அதன் பற்றரி இப்போது ஒரு மணி நேரமும் தாக்குப்பிடிப்பதில்லை. வேறொரு பழைய மடிக்கணினியில் கியூநெட்டீயைப் போட்டு வைத்திருக்கிறேன், அதை மாற்றிவிட்டு மூன்று வாக்கும் திரையில் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.